எல்லை கடக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

பொங்கல் நெருங்குகின்றதென்றால் பெங்களூர்த் தமிழர் இல்லங்களில் முதலில் எழும் பேச்சு கரும்பைப் பற்றியதன்று, புத்தாடையைப் பற்றியதுமன்று. "இந்த ஆண்டு எப்படி ஊருக்குப் போவது?" என்பதே அது. அல்சூரிலும், சிவாஜி நகரிலும், ஸ்ரீராமபுரத்திலும் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்பவர்களும் சரி, நேற்று வந்து மின்னணு நகரத்தில் வேலைக்கு அமர்ந்தவர்களும் சரி, இக்கேள்விக்கு விடை தேடாதார் அரியர். இரயிலில் முன்பதிவு செய்யும் காலம் 120 நாளாக இருந்தது, 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அந்த அறுபதாம் நாள் காலையில் கண் அயர்ந்துவிட்டால் இடம் கிட்டுவதில்லை. பண்டிகைக் காலத்தில் தனியார் பேருந்துக் கட்டணமோ, ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் தலைவரைப் பெருமூச்சு விடச் செய்கின்றது.

ஆகவேதான், "ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாகப் போய் வந்தால் என்ன?" என்ற எண்ணம் பலர்க்கும் உண்டாகின்றது. நல்ல எண்ணந்தான். பாட்டியைப் படியேற்றி இறக்க வேண்டியதில்லை; குழந்தை பசித்தால் நிறுத்திக் கொள்ளலாம்; குலதெய்வம் கோயிலுக்கும் அத்தை வீட்டுக்கும் அதே வண்டியிற் போய் வரலாம். ஆனால் இப்பயணம் ஒரு மாநிலத்தின் எல்லையைக் கடந்து மற்றொரு மாநிலத்திற்குள் நுழைகின்ற பயணம் என்பதைப் பலர் மறந்து விடுகின்றனர். எல்லையோ நம்மை மறப்பதில்லை. அதனைப் பற்றிச் சில செய்திகளை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் அன்பரின் அனுபவம்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் தமக்கு நேர்ந்ததை ஒரு மாலை நம்மிடம் கூறினார். பிறர்க்குப் பயன்படட்டும் என்று அவரே விரும்பியதால், பெயரை விடுத்து இங்கே எழுதுகின்றோம்.

கரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் இருந்த அவருடைய தந்தையார் நோய்வாய்ப்பட்டுப் படுத்த படுக்கையாகி விட்டார். "உடனே புறப்பட்டு வா" என்று தமையனார் தொலைபேசியிற் கூறியபோது மாலை ஏழு மணி. அறிமுகமான ஒருவரிடம் சொந்தக் கார் ஒன்று இருந்தது. அவர் அதனை அவ்வப்போது வாடகைக்கு விடுபவர். முறையான வாடகைக் காரைக் காட்டிலும் 2,000 ரூபா குறைவு. வேறொன்றும் வினவாமல் அன்பர் அதனை எடுத்துக்கொண்டு, மனைவியையும் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

எல்லையருகே போக்குவரத்துத் துறையினர் வண்டியை நிறுத்தினர். அலுவலர் ஒருவர் ஆவணங்களைப் பார்த்துவிட்டு, "வண்டி யாருடையது?" என்று கேட்டார். "நண்பருடையது, ஐயா" என்றார் அன்பர். அலுவலர் பின் இருக்கையில் இருந்த சிறுமியைப் பார்த்துச் சிரித்து, "எங்கேம்மா போகிறீர்கள்?" என்று அன்போடு கேட்டார். "தாத்தாவைப் பார்க்க. இது எங்கள் கார் இல்லை; அப்பா காசு கொடுத்து வாங்கி வந்தார்" என்று அக்குழந்தை மறைக்கத் தெரியாமல் கூறிவிட்டது. தொலைபேசியில் பணம் அனுப்பிய குறிப்பும் இருந்தது. வண்டி ஓரங்கட்டப்பட்டது.

அலுவலரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் சட்டப்படி நடந்து கொண்டார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூவரும் இருளில் நடந்து, நகரப் பேருந்தில் ஓசூர் சேர்ந்து, அங்கிருந்து சேலம், சேலத்திலிருந்து கரூர் என்று மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் காலை ஒன்பது மணி. தந்தையார் விடியற்காலையிலேயே காலமாகி விட்டார்.

"இரவெல்லாம் அப்பா வாசற்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம். அண்ணன் சொன்னார்" என்று மட்டும் கூறிவிட்டு அன்பர் பேச்சை நிறுத்திக் கொண்டார். நாமும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

எண் பலகையின் நிறம்

வாடகை வண்டி தேடுவோர் முதலிற் பார்க்க வேண்டியது வண்டியின் விலையுமன்று, அழகுமன்று. அதன் எண் பலகையின் நிறம். வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து இருப்பின் அது சொந்தப் பயனுக்குரிய வண்டி. மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து இருப்பின் அது ஓட்டுநரோடு வாடகைக்கு ஓடும் டாக்சி. கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருப்பின் அது நாமே ஓட்டிச் செல்வதற்காக வாடகைக்கு விடப்படும் கார். மின்சார வண்டிகளுக்குப் பலகை பச்சை நிறமாயிருக்கும். அவற்றுள் வாடகை வண்டிக்கு எழுத்து மஞ்சள், சொந்த வண்டிக்கு எழுத்து வெள்ளை.

வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டத்திற்குப் புறம்பானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வாடகைக்கு ஓடும் வண்டிக்குப் பெர்மிட் வேண்டும் என்று விதிக்கின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெர்மிட் இன்றி ஓட்டினால் முதற் குற்றத்திற்கே 10,000 ரூபா தண்டமும் ஆறு திங்கள் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

தண்டத்தினும் பெரிய இடர் ஒன்றுள்ளது. அது காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், பற்றியது. சொந்தப் பயனுக்குரிய காரின் பாலிசியில் வாடகைக்கு விடும் பயன் விலக்கப்பட்டிருக்கும். விபத்து நேர்ந்து, வண்டி வாடகைக்கு எடுக்கப்பட்டது என்று தெரியவந்தால், வண்டிக்கு ஏற்பட்ட சேதத்திற்குரிய தொகையைக் காப்புறுதி நிறுவனம் மறுக்கலாம். அப்பொழுது இழப்பு முழுதும் உரிமையாளர் தலையிலோ, ஓட்டியவர் தலையிலோ விழும். இரண்டாயிரம் ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு லட்சத்துக்கு வழக்காடுவது நம்போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு ஆகாத காரியம்.

வண்டியின் எண் தெரிந்தால் போதும். மைய அரசின் எம்பரிவாகன் செயலியில் அதனைப் பதிந்து, வண்டி எவ்வகையைச் சேர்ந்தது, காப்புறுதி எந்நாள் வரை உள்ளது என்பன போன்ற விவரங்களை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டிலிருந்தபடி பார்த்துக் கொள்ளலாம். இதற்கு ஐந்து நிமிடமும் ஆகாது.

பெர்மிட்டும் வரியும்

எண் பலகை சரியாயிருந்தால் மட்டும் போதாது. கர்நாடகத்திற்குள் மட்டும் ஓடுவதற்குரிய பெர்மிட் உள்ள டாக்சிகளும் இந்நகரில் ஏராளம். அத்தகைய வண்டி தமிழ்நாட்டிற்குள் நுழைய வேண்டுமாயின் தனியே தற்காலிகப் பெர்மிட் பெற்றுத் தமிழ்நாட்டு வரியையும் செலுத்த வேண்டும். இப்பொழுது இதனை இணையத்தின் வழியாகவே புறப்படும் முன் செலுத்தி விடலாம். எல்லையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அகில இந்தியச் சுற்றுலாப் பெர்மிட் உள்ள வண்டிகள் வேறு. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இதற்கென மைய அரசின் விதிகள் நடப்புக்கு வந்தன. 2023இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஒரே பெர்மிட்டைக் கொண்டு நாடெங்கும் செல்லலாம் என்பதே அவ்விதிகளின் கருத்து. ஆயினும் மாநில வரியைப் பற்றி மாநில அரசுகளுக்கும் வண்டி உரிமையாளர்க்கும் இடையே வழக்கும் வாதமும் எழுந்துள்ளன. ஆகையால் வண்டியை ஒப்பந்தம் செய்யும்போதே இரு கேள்விகளைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். "இவ்வண்டிக்கு அகில இந்தியப் பெர்மிட் உண்டா? எல்லையில் ஏதேனும் வரி கேட்டால் அதனைக் கொடுப்பவர் நீங்களா, நாங்களா?" விடையை வாய்மொழியாகப் பெறாமல் எழுத்தில் பெறுவது நன்று. நள்ளிரவில் அத்திப்பள்ளியில் நின்றுகொண்டு தொலைபேசியில் வாதாடுவதைக் காட்டிலும், பட்டப்பகலில் கடைக்காரர் எதிரே நின்று கேட்பது எளிது.

நாமே ஓட்டும் கார்களை வாடகைக்கு விடுவதற்கு 1989ஆம் ஆண்டிலேயே மைய அரசு ஒரு திட்டம் வகுத்துள்ளது. உரிமம் பெற்ற நிறுவனமா என்று கேட்பது நம் உரிமை. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஐரோப்பாவில் எப்படி?

"வெளிநாட்டில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது" என்று சிலர் கூறுவர். நம் பிள்ளைகளுள் சிலர் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வேலை பார்ப்பதால் அச்செய்தியையும் ஆராய்வோம். 1985ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் லக்சம்பர்க்கு நாட்டின் செங்கன் என்னும் சிற்றூரில் ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையை நீக்குவதென ஒப்பந்தம் செய்தன. 1995ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இன்று பல நாடுகளிடையே தடுப்புக் கம்பமின்றிக் கார் ஓட்டிச் செல்லலாம் என்பது உண்மையே. இடையிடையே சில நாடுகள் சோதனையைத் தற்காலிகமாக மீண்டும் கொண்டு வருவதும் உண்டு.

ஆனால் அங்கும் விதிகள் மறைந்து விடவில்லை. காவற்சாவடியை விட்டு ஒப்பந்தத் தாளுக்குக் குடிபெயர்ந்து விட்டன. வாடகைக் காரை எந்தெந்த நாட்டிற்குக் கொண்டு செல்லலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாத நாட்டிற்குள் சென்றால் காப்புறுதி செல்லாமற் போகலாம். சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டுமாயின் 40 பிராங்கு கொடுத்து ஆண்டு வில்லை ஒன்று பெற வேண்டும். ஆஸ்திரியாவுக்கு வேறொரு வில்லை. ஒரு நாட்டில் எடுத்த காரை மற்றொரு நாட்டில் விட்டால் தனிக் கட்டணம் பெரிதாக வரும். இங்கிருந்து செல்வோர் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெற்றுச் செல்லுதல் நன்று; அது ஓராண்டு செல்லும்.

ஆகவே, எல்லை என்பது எங்கும் எல்லையே. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுபவர்க்கு ஓசூரும் ஒன்றுதான், ஆஸ்திரியாவும் ஒன்றுதான்.

செலவைக் கணக்கிடும் முறை

இனிப் பணத்தைப் பற்றிக் கூறுவோம். ஓட்டுநரோடு கூடிய வண்டிக்குப் பெரும்பாலும், "நாளொன்றுக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர்" என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். 250 என்பர், 300 என்பர். இதன் பொருளைப் பலர் உணர்வதில்லை. எடுத்துக்காட்டாக, மதுரைக்கு நான்கு நாள் பயணம் என்று கொள்வோம். பெங்களூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 435 கிலோமீட்டர். போக வர 870. ஊரில் சுற்றுவதற்கு 100. ஆக 970 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 300 வீதம் நான்கு நாளைக்கு 1,200 கிலோமீட்டருக்கு நாம் பணம் கொடுத்தாக வேண்டும். ஓடாத 230 கிலோமீட்டருக்கும் சேர்த்தே கொடுக்கின்றோம். இதற்கு மேல் ஓட்டுநர் படி, சுங்கச் சாவடிக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம் ஆகியவை வரும்.

நாமே ஓட்டுவதாயின் கணக்கு மாறும். நாள் வாடகையோடு எரிபொருள் நம்முடையது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுமாயின் 970 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 65 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபா என்று வைத்துக் கொண்டாலும் 6,500 ரூபா. இந்நிறுவனங்கள் பலவும் கிலோமீட்டருக்கு ஓர் உச்ச வரம்பு வைத்து, அதற்கு மேல் ஓடினால் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அந்த வரம்பையும், முன்பணம் எந்நாளில் திரும்பும் என்பதையும், குறித்த நேரத்திற்குப் பின் வண்டியை ஒப்படைத்தால் என்ன தண்டம் என்பதையும் கேட்டுக் குறித்துக் கொள்க. மூன்று நாள் நிற்கும் ஊரில் வண்டியைச் சும்மா நிறுத்தி வைப்பதாயின், போகும்போது ஒரு வண்டி, வரும்போது ஒரு வண்டி என்று தனித்தனியே அமர்த்துவது சிக்கனமா என்றும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வண்டியைப் பெறும்போது நான்கு புறமும் படம் எடுத்துக் கொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல், ஒடுக்கு, எரிபொருள் அளவு, ஓடிய கிலோமீட்டர் ஆகியவை படத்தில் இருக்கட்டும். ஸ்டெப்னி சக்கரத்தில் காற்று உள்ளதா, ஜாக்கி உள்ளதா என்று பின்புறத்தைத் திறந்து பாருங்கள். இதைப் பார்க்காமற் சென்று, கிருஷ்ணகிரி வெயிலில் மூன்று மணி நேரம் நின்றவர் நாமே ஆதலால், அழுத்திக் கூறுகின்றோம்.

சுங்கச் சாவடியில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயமாகிவிட்டது. வாடகை வண்டியின் பாஸ்டேக்கில் பணம் உள்ளதா என்று முன்னரே கேட்க வேண்டும். செல்லத்தக்க பாஸ்டேக் இல்லாமல் ரொக்கம் கொடுத்தால் இரு மடங்கு என்பது 2025ஆம் ஆண்டில் இருந்த விதி. 2025ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாளிலிருந்து யுபிஐ வழியாகக் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிய ஆண்டுப் பாஸ்டேக் சலுகை சொந்தப் பயனுக்குரிய வண்டிகளுக்கே உரியது. வாடகை வண்டிக்கு அது கிடையாது.

எவ்வழிச் செல்வது?

தென்மாவட்டங்களுக்கும் கொங்கு நாட்டிற்கும் செல்வோர்க்குப் பெருவழி ஒன்றே. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. காசுமீரத்தில் தொடங்கிக் குமரியில் முடிவது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர், சேலம் 200. சேலத்திலிருந்து ஒரு வழி ஈரோடு, கோவைப் பக்கம் பிரிய, மற்றொன்று நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியே மதுரைக்குச் செல்லும். திருச்சி செல்வோர் நாமக்கல்லிற் பிரிவர். வேலூர், சென்னை செல்வோர் கிருஷ்ணகிரியிலேயே கிழக்கு நோக்கித் திரும்ப வேண்டும்.

இப்பெருவழியில் நேயர்கள் நெஞ்சில் இருத்த வேண்டிய இடம் தொப்பூர்க் கணவாய். தருமபுரியைத் தாண்டிச் சேலம் நோக்கிச் செல்லும்போது சாலை நீண்ட இறக்கமாய் வளைந்து செல்கின்றது. பாரமேற்றிய லாரிகள் தடை பிடிக்காமல் முன்வண்டிகள் மீது மோதிப் பல உயிர்களைக் குடித்த இடம் அது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு எரிபொருளை மிச்சப்படுத்தும் எண்ணம் ஒருபோதும் வேண்டா. கீழ்க் கியரில் இறங்குக. லாரிக்கு முன்னும் பின்னும் ஒட்டிச் செல்லாதிருக்க. விடியற்காலத் தூக்கக் கலக்கத்தில் அவ்விடத்தை அடையாதபடி புறப்படும் நேரத்தை அமைத்துக் கொள்க.

காட்டு வழிச் செல்வோர்க்குக் கடிகாரமே காவலன். மைசூர், குண்டுலுப்பேட்டை, பண்டிப்பூர், முதுமலை வழியே உதகை செல்லும் சாலை, 2009ஆம் ஆண்டு தொட்டு இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகின்றது. சாமராசநகர், திம்பம் வழியே சத்தியமங்கலம் செல்லும் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உயர்நீதி மன்றத்தின் ஆணைப்படி 2022ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து அங்கும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. கார் போன்ற சிறு வண்டிகளுக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை. வேலை முடிந்து மாலையிற் புறப்பட்டு இவ்வழிகளிற் செல்லலாம் என்று எண்ணுவோர், காட்டின் வாயிலில் இரவைக் கழிக்க நேரிடும். யானையும் புலியும் நடமாட அமைந்த நேரம் அது, நமக்குரிய நேரமன்று.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் முதல் இ-பாஸ் வேண்டும். கட்டணமில்லை; ஆயின் முன்பதிவு வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் விதிக்கப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் நீர்ப்புட்டிகளும் நீலகிரியில் தடை செய்யப்பட்டவை. வீட்டிலிருந்தே எவர்சில்வர்ப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டு செல்க.

எல்லையில் மறக்கக் கூடாத வேறு இரண்டு. தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் நாள்களில் 50,000 ரூபாவுக்கு மேற்பட்ட ரொக்கத்தைத் தக்க ஆதாரமின்றிக் கொண்டு சென்றால் பறக்கும் படையினர் பறிமுதல் செய்யலாம். திருமணத்திற்கெனப் பணமோ நகையோ கொண்டு செல்வோர் வங்கிச் சீட்டையும் கடைப் பட்டியலையும் அழைப்பிதழையும் உடன் வைத்துக் கொள்க. இரண்டாவது, கர்நாடகத்தில் வாங்கிய மதுப்புட்டியைத் தமிழ்நாட்டிற்குள் கொண்டு போவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். "மாமாவுக்காக ஒரே ஒரு புட்டி" என்ற வாதம் எந்தச் சாவடியிலும் செல்லாது.

ஓட்டுநரும் மனிதரே

இரவெல்லாம் ஓட்டி விடியற்காலை ஊர் சேர வேண்டும் என்று ஓட்டுநரை விரட்டுவது நம்மிடையே உள்ள ஒரு கெட்ட வழக்கம். அவரும் நாள் முழுதும் நகரில் ஓட்டிவிட்டு வந்தவராக இருக்கலாம். 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி என்று வகுத்தது. களைப்பின் அளவறிந்து வகுத்த கணக்கு அது. புறப்படும் முன், "தம்பி, நேற்றிரவு தூங்கினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வழியில் நாம் உண்ணும் உணவை அவர்க்கும் வாங்கிக் கொடுங்கள்; கண் சொக்கினால் அரைமணி நிறுத்தித் தூங்கச் சொல்லுங்கள். அந்த அரைமணியால் பொங்கற்பானை ஆறிவிடாது.

பின் இருக்கையில் அமர்வோரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்பது விதி. பதினான்கு வயதிற்குட்பட்ட குழந்தையைப் பட்டையின்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபா தண்டம் என்று சட்டம் கூறுகின்றது. தண்டத்திற்காக அன்று, மடியில் வைத்த குழந்தையைத் திடீரென வண்டி நிற்கும்போது எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்த இயலாது என்பதற்காகவே இதனைக் கூறுகின்றோம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, பொது அவசரத்திற்கு 112, ஆம்புலன்சுக்கு 108 ஆகிய எண்களைத் தாளில் எழுதி வண்டியின் முகப்பில் ஒட்டிவிடுங்கள்.

எல்லையும் உறவும்

இறுதியாக, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியே தீர வேண்டும். 1991ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாளிலும் காவிரி நீரின் பெயரால் இந்நகரில் நடந்தவை நம் நினைவில் உள்ளன. 2016இல் தமிழ்நாட்டு எண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. பேருந்துகள் எல்லையோடு நின்றுவிட, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடி வரை மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் நடந்து எல்லையைக் கடந்தவர்கள் நம்மவர்கள். ஆகவே, பயணத்திற்கு முதல் நாள் செய்தியைக் கேட்டு, முழு அடைப்போ மறியலோ இல்லை என்று உறுதி செய்து கொள்வது அறிவுடைமை. அத்தகைய நாளில் பயணத்தை ஒருநாள் தள்ளிப் போடுவதில் தாழ்வொன்றுமில்லை.

ஆயினும், அச்சம் ஒன்றையே எடுத்துச் செல்ல வேண்டா. அந்நாள்களில் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம் தம் வீட்டில் நம்மை இருத்தி உணவளித்ததும் நம் நினைவில் உள்ளது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பின்பின் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. 1864ஆம் ஆண்டில் சோலையார்ப்பேட்டையிலிருந்து தண்டவாளம் பெங்களூர்த் தண்டு நிலையத்திற்கு வந்த நாளிலிருந்து, இவ்விரு நிலங்களுக்கிடையே மக்கள் போவதும் வருவதும் ஓய்ந்ததில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின்னும் ஓயவில்லை. எல்லையில் நிற்கும் அலுவலர் கன்னடத்தில் வினவினால் கன்னடத்தில் விடை கூறுவோம். தமிழில் வினவினால் தமிழில் கூறுவோம். இரண்டும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த மொழிகளே.

அந்த அன்பரைச் சென்ற வாரம் மீண்டும் சந்தித்தோம். தந்தையாரின் திதிக்கு ஊருக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தார். கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துக் கொண்ட கார் ஒன்று வாசலில் நின்றது. பெர்மிட், காப்புறுதி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஓர் உறையில் இட்டு மகளிடம் கொடுத்திருந்தார். "எல்லையில் யாராவது கேட்டால் நான்தான் எடுத்துக் கொடுப்பேன், மாமா" என்று அச்சிறுமி நம்மிடம் கூறினாள்.

ஊர் செல்லும் அன்பர்கள் அனைவரும் நலமே சென்று நலமே மீள்க!